பழைய ஹாலிவுட் படங்களைப் பார்க்கப் பழகுவது எப்படி: டிவி அமைப்பிலிருந்து பத்தாவது படம் வரை

"பழைய ஹாலிவுட் படம் பார்க்கணும், எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒருமுறை முயன்று கைவிட்டவர்கள். விசாரித்தால் ஒரே கதைதான் வரும். ஏதோ ஒரு பட்டியலில் முதலிடத்தில் 'சிட்டிசன் கேன்' இருந்திருக்கும், போட்டிருப்பார்கள், முக்கால் மணி நேரத்தில் கண் சொக்கியிருக்கும், நமக்கு இது சரிப்படாது என்று முடிவுகட்டியிருப்பார்கள்.

சில வருடங்களாக ஞாயிறு மாலைகளில் நண்பர்களையும் சொந்தக்காரப் பிள்ளைகளையும் உட்காரவைத்து இந்தப் படங்களைப் போட்டுக் காட்டிவருகிறேன். யார் எங்கே நெளிகிறார்கள், எந்த இடத்தில் கை போனைத் தேடுகிறது என்று கவனித்து வரிசையை மாற்றி மாற்றி வைத்ததில், கடைசியில் நிலைத்த முறை இது. 1930களின் தொடக்கத்திலிருந்து 1950களின் தொடக்கம் வரையிலான படங்களுக்கானது.

வேண்டியவை அதிகமில்லை. இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, டிவி அல்லது பெரிய மானிட்டர், ஆங்கில சப்டைட்டில், வாரம் ஒரு மாலை என்று பத்து வாரம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். இதைக் கண்டிப்புக்காகச் சொல்லவில்லை. இந்தப் படங்களில் ஒரு செய்தியை ஒரே ஒரு பார்வையில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், குனிந்து நிமிர்வதற்குள் அது போயிருக்கும்.

1. படத்தைத் தேடுவதற்கு முன்னால் டிவியைச் சரிசெய்யுங்கள்

1953-இல் சினிமாஸ்கோப் வரும்வரை ஹாலிவுட் படங்களின் சட்டகம் சதுரத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. அகலம் உயரத்தைப்போல 1.37 மடங்குதான். இன்றைய டிவிக்கு அது 1.78 மடங்கு. ஆகவே இடதும் வலதும் கறுப்புப் பட்டை இருந்தே தீரும். "ஸ்க்ரீன் முழுக்க வரலையே" என்று சிலர் படத்தை அகலத்தில் இழுத்துவிடுவார்கள், முகமெல்லாம் ஊதிப்போகும். சிலர் ஸூம் செய்வார்கள், தலையும் கையும் வெட்டுப்படும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, படத்துக்குள் ஒரு வட்டத்தைத் தேடுவது. சுவர்க் கடிகாரம், கார் சக்கரம், சாப்பாட்டுத் தட்டு எதுவானாலும் சரி. வட்டம் முட்டையாகத் தெரிந்தால் பிக்சர் சைஸை மாற்றுங்கள்.

அடுத்து மோஷன் ஸ்மூத்திங். ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது, மெனுவில் பெயரில் 'மோஷன்' என்று வரும் எதையும் அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 24 பிரேமாக எடுத்த படத்தில் டிவி தானாகவே இடைப் பிரேம்களைச் சேர்க்கும்போது எல்லாம் வழுக்கிக்கொண்டு போய், டிவி சீரியல் மாதிரி ஆகிவிடும். 'விவிட்' என்றிருந்தால் 'சினிமா' அல்லது 'மூவி' என்று மாற்றுங்கள். கறுப்பு வெள்ளைப் படம் என்கிறோமே தவிர அதில் பெரும்பகுதி சாம்பல்தான். விவிட் அந்தச் சாம்பல் படிகளை எல்லாம் விழுங்கிவிடும்.

2. எந்தப் பிரதி என்று பார்த்து எடுங்கள்

கலர் பூசிய பிரதி வேண்டவே வேண்டாம். 1980களில் பல கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் கலர் ஏற்றினார்கள், 'காசாபிளாங்கா'வுக்குக்கூட. ஒளிப்பதிவாளர் ஒவ்வொரு துணியும் சுவரும் சாம்பலில் எப்படி விழும் என்று பார்த்துத்தான் விளக்கு வைத்தார். கலர் பூசினால் அந்தக் கணக்கு கலைந்துபோகும்.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே', 'மை மேன் காட்ஃப்ரே' போன்ற சில படங்களின் காப்புரிமையை அமெரிக்காவில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்பதால் இணையத்தில் ஏகப்பட்ட பிரதிகள் கிடைக்கும், பாதி படுமோசம். இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். நடிகரின் கண் தனியாகத் தெரிகிறதா, பேச்சுக்கு மேலே இரைச்சல் ஏறுகிறதா? கண் தெரியாத பிரதியை மூடிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.

படத்தின் நீளத்தையும் ஒத்துப்பாருங்கள். 'காசாபிளாங்கா' 102 நிமிடம். கையில் இருப்பது 90 என்றால் எங்கோ வெட்டியிருக்கிறார்கள். 98 என்றால் பயப்பட வேண்டாம், நம் ஊர் டிவிடிகளில் பல விநாடிக்கு 25 பிரேமில் ஓடும் முறையில் வந்தவை, அந்த வேகத்தில் நாலு நிமிடம் குறையும்.

3. சப்டைட்டில் போடுங்கள், டைட்டிலைத் தாண்டாதீர்கள்

ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் தடுக்கி விழுகிறார்கள். "எனக்கெதுக்கு சப்டைட்டில்" என்று உட்கார்ந்து, இருபதாவது நிமிடத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியாமல் சோர்ந்துபோவார்கள். அந்தக் கால நடிகர்களின் உச்சரிப்பு வேறு, வேகமும் வேறு. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் கேரி கிராண்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் ஆரம்பிப்பார்கள், இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் திட்டமிட்டே அப்படிப் பேசவைத்தார். முதல் தடவை எழுத்தோடு பார்த்து, இரண்டாம் தடவை எழுத்தை அணைத்துவிடலாம்.

பெயர்கள் எல்லாம் படத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடும், முடிவில் பெரும்பாலும் 'தி எண்ட்' மட்டும்தான். எனவே 'ஸ்கிப் இன்ட்ரோ' அழுத்தாதீர்கள். நட்சத்திரங்களோடு சேர்த்து மூன்று பெயரைக் கவனித்தால் போதும்: ஒளிப்பதிவு, இசை, உடை. மூன்று நாலு படத்துக்குப் பிறகு மேக்ஸ் ஸ்டெய்னர் (இசை), ஈடித் ஹெட் (உடை) என்ற பெயர்கள் தானாகவே கண்ணில் படும், அந்தப் படத்திடம் என்ன எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே ஒரு பிடி கிடைக்கும்.

4. முதல் படம் சின்னதாக, கலகலப்பாக இருக்கட்டும்

'கான் வித் த விண்ட்' கிட்டத்தட்ட நாலு மணி நேரம். 'சிட்டிசன் கேன்' அதற்கு முன்னால் வந்த படங்களின் வழக்கங்களை எல்லாம் கலைத்துப்போட்ட படம், அந்த வழக்கங்கள் தெரியாமல் அதைப் பார்த்தால் கலைத்ததும் தெரியாது. ஆகவே இரண்டும் முதலில் வேண்டாம்.

முதல் படம் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்', 1934, 105 நிமிடம். ஃபிராங்க் காப்ரா இயக்கம். வீட்டைவிட்டு ஓடும் பணக்காரப் பெண்ணாகக் கிளாடெட் கோல்பேர், வேலை போன பத்திரிகைக்காரராகக் கிளார்க் கேபிள். பஸ், மழை, சாலையோர விடுதி, பசி என்று எல்லாம் யாருக்கும் தெரிந்த விஷயங்கள், அதனால் காலமும் ஊரும் குறுக்கே நிற்காது. நான் போட்டுக் காட்டியவர்களில் இந்தப் படத்தில் எழுந்துபோனவர் ஒருவரும் இல்லை.

இதில் ஒன்றை மட்டும் கவனித்து வையுங்கள். கல்யாணமாகாத இருவரும் ஒரே அறையில் தங்கவேண்டிய நிலை. கேபிள் இரண்டு கட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிடுகிறார். அதற்கு 'ஜெரிக்கோ மதில்' என்று பெயரும் வைக்கிறார், பைபிளில் எக்காளம் ஊதியதும் இடிந்து விழுமே, அந்த மதில். வெளியே மழை. போர்வை லேசாக அசைகிறது, அந்தப் பக்கம் அவள் உடை மாற்றுகிறாள், இந்தப் பக்கம் இருப்பவரின் முகம் மட்டும் நமக்குத் தெரிகிறது. தொங்குவது ஒரு பழைய போர்வைதான், ஆனால் படம் முழுக்க அந்த இருவரின் மனநிலையையும் சுமப்பது அதுவே. கடைசிக் காட்சியில் அந்தப் போர்வைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

5. தணிக்கை விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் "பழைய படம் ரொம்ப அப்பாவித்தனமா இருக்கு" என்பார்கள். அப்பாவித்தனம் இல்லை, அது சொல்லாமல் சொல்லும் கலை.

ஸ்டுடியோக்கள் 1930-இல் தமக்குத் தாமே ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டன. 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் அதைக் கறாராக நடத்தியது. அந்த அலுவலகத்தின் அனுமதி முத்திரை இல்லாத படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம், பெரிய ஸ்டுடியோக்களின் கையில் இருந்த தியேட்டர்களிலும் இடம் கிடைக்காது. 1968 வரை இது இருந்தது, பிந்தைய ஆண்டுகளில் பிடி தளர்ந்துபோனது.

எல்லா விதியும் மனப்பாடமாகத் தெரிய வேண்டியதில்லை. குற்றம் செய்தவன் தண்டனை பெறவேண்டும். கொலை செய்யும் முறையை விரிவாகக் காட்டக்கூடாது. கள்ள உறவு கவர்ச்சியாகத் தெரியக்கூடாது. நீண்ட, காமம் மிகுந்த முத்தம் கூடாது. வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதாகக் காட்டக்கூடாது. இந்த ஐந்தும் நினைவில் இருந்தால் போதும், ஒரு காட்சி திடீரென்று முகம் திருப்பிக்கொள்ளும் போதெல்லாம் "ஓ, இங்கே ஒன்று நடந்திருக்கிறது" என்று பிடிபடும்.

இரண்டாவது படமாக 'காசாபிளாங்கா'வைப் போடுங்கள். இங்ரிட் பெர்க்மன் ஹம்ப்ரி போகார்ட்டின் அறைக்கு வந்து, துப்பாக்கியை நீட்டி, அழுது, அணைத்துக்கொள்ளும் இடம். படம் மெல்ல மங்கி, இரவில் விமான நிலையக் கோபுரத்தின் சுழல்விளக்கு சில விநாடி தெரிகிறது. மறுபடி மங்கி அதே அறைக்கு வருகிறோம். போகார்ட் ஜன்னலோரம் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கிறார். அணைப்புக்கும் சிகரெட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் போயிற்று? படம் சொல்லவே இல்லை. கதை சட்டென்று தொடர்ந்துவிடும், விவரம் தெரியாதவர் கோபுரத்தைக் கட்டடம் என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

'நொட்டோரியஸ்' (1946) இன்னொரு விதம். நீண்ட முத்தம் கூடாது என்றதும் ஹிட்ச்காக் அதைத் துண்டு துண்டாக்கினார். கேரி கிராண்டும் பெர்க்மனும் ஒரு சின்ன முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள், விலகுகிறார்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோழி சமைப்பதைப் பற்றிப் பேசுகிறார்கள், மறுபடி உதடு தொடுகிறது, ஒட்டியபடியே டெலிபோன் வரை நடக்கிறார்கள். இரண்டரை நிமிடம் போல ஓடும் இந்தக் காட்சியில் ஒரு முத்தமும் நீளமில்லை, ஆனால் விதியே இல்லாத காலத்தில் எடுத்த பல காட்சிகளைவிட நெருக்கம் அதிகம்.

இந்த விதிகளை நான் நல்லவை என்று சொல்லவரவில்லை. பல கதைகளை அவை முடமாக்கின. ஆனால் நேரே காட்ட முடியாததை எல்லாம் ஒரு பொருளுக்குள்ளோ முகத்துக்குள்ளோ ஏற்றிவைக்க வேண்டிய கட்டாயம் இருந்ததால், அந்தப் படங்களில் பொருளையும் முகத்தையும் பார்க்கத் தெரிந்தால்தான் கதை முழுதாகக் கிடைக்கும். அடுத்த இரண்டு படிகளும் அதற்காகத்தான்.

6. பத்து நிமிடம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்

முதல் முறை பார்த்த ஒரு வாரத்துக்குள் அதே படத்தில் பிடித்த ஒரு பத்து நிமிடத்தை எடுத்து, சத்தமும் எழுத்தும் இல்லாமல் பாருங்கள். கதைதான் தெரியுமே, இனிக் கண்ணுக்கு வேறு வேலை இல்லை. விளக்கு எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தேடுங்கள்.

நாயகியின் க்ளோசப் வரும்போது படம் திடீரென்று மென்மையாகப் பனி படிந்த மாதிரி ஆகும், அடுத்த ஷாட்டில் நாயகன் முகம் கூர்மையாக இருக்கும். பிரதி சரியில்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். லென்சுக்கு முன்னால் வலையோ வடிகட்டியோ வைத்து வேண்டுமென்றே எடுத்தது அது. தலைமுடியின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தால் பின்னால் ஒரு விளக்கு தனியாக வைத்திருக்கிறார்கள் என்று பொருள், கறுப்பு முடி கறுப்புச் சுவரோடு ஒட்டிப்போகாமல் இருப்பதற்காக.

'டபுள் இன்டெம்னிட்டி' (1944) இந்தப் பயிற்சிக்கென்றே செய்த மாதிரி. பில்லி வைல்டர் இயக்கம், ஜான் சைட்ஸ் ஒளிப்பதிவு. பட்டப்பகலில் வீட்டுக்குள் நுழையும் ஃபிரெட் மெக்மரியின் மேல் ஜன்னல் திரைப்பட்டைகளின் நிழல் கோடு கோடாக விழும், சிறைக் கம்பி மாதிரி. அவன் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை.

கார் ஓட்டும் காட்சியில் ஜன்னலுக்கு வெளியே தெரு தனியாக ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பு வரும், வரட்டும். முன்பே எடுத்த தெருவைத் திரையில் பின்னாலிருந்து வீசி, அதன் முன்னே நின்ற காரில் நடிகர்களை உட்காரவைத்து எடுப்பார்கள். சாலையில் பேச்சைத் தெளிவாகப் பதிவுசெய்வது அன்று பெரும்பாடு. காரணம் தெரிந்தபின் இரண்டாவது படத்தில் யாரும் சிரிப்பதில்லை.

7. ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள்

பத்து நட்சத்திரங்களின் ஒவ்வொரு படத்தைப் பார்ப்பதைவிட ஒருவரின் மூன்று நாலு படத்தைப் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும். ஒரே முகம் வெவ்வேறு இயக்குநர் கையில் என்ன ஆகிறது என்பது அப்போதுதான் தெரியும். என் தேர்வு பார்பரா ஸ்டான்விக். பலரைப்போல ஒரே ஸ்டுடியோவின் ஒப்பந்தத்தில் அடைபட்டுக் கிடக்காமல் பல இடங்களில் வேலைசெய்தவர், சிரிப்பு, அழுகை, கொலை எல்லாமே வரும். போட்டியில் ஓர் ஆஸ்கர்கூட வாங்கவில்லை, 1982-இல் கௌரவ விருதுதான் கொடுத்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

முதலில் 'த லேடி ஈவ்' (1941). கப்பலின் சாப்பாட்டு அறை. ஹென்றி ஃபோண்டா ஒரு கோடீஸ்வர வீட்டுப் பையன், பாம்பு ஆராய்ச்சிக்காரன், புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறான். அறையிலுள்ள பெண்கள் எல்லாரும் அவன் கவனத்தைப் பிடிக்க ஆளுக்கொரு வித்தை காட்டுகிறார்கள். சீட்டாட்ட மோசடிக்காரியான ஸ்டான்விக் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பவுடர் டப்பியின் சின்னக் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொருத்தி என்ன செய்யப்போகிறாள் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருகிறாள். கண்ணாடி வட்டத்துக்குள் நடப்பதுதான் நமக்கும் தெரிகிறது, குரல் மட்டும் அவளுடையது. கடைசியில் அவன் எழுந்து நடக்கும்போது, திரும்பிக்கூடப் பார்க்காமல் காலை நீட்டுகிறாள். அவன் விழுகிறான். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய அறையில், தரையில் உட்கார்ந்திருக்கும் அவன் தலையைக் கோதிக்கொண்டே மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் பேசுகிறாள். வேலையாகத் தொடங்கியது எந்த இடத்தில் பாசமாக மாறுகிறது என்று விரலைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

அப்புறம் 'டபுள் இன்டெம்னிட்டி'. காருக்குள் கொலை நடக்கிறது. கொலை செய்யும் முறையைக் காட்டக்கூடாது என்பது விதி. அதனால் கேமரா கொலையைக் காட்டாமல் வண்டி ஓட்டும் ஸ்டான்விக்கின் முகத்தில் நின்றுவிடுகிறது. பக்கத்தில் புருஷன் சாகும் சத்தம், அவள் பார்வை சாலையிலேயே இருக்கிறது, வாயோரத்தில் மட்டும் ஏதோ ஒன்று நடக்கிறது. ஐந்தாவது படியில் சொன்ன விதியும், ஆறாவது படியில் பழகிய பார்வையும், இந்த நடிகையும் அந்தச் சில விநாடியில் ஒன்றாக வந்து சேர்கின்றன. இந்த ஷாட்டில் அறை நிசப்தமாகிவிட்டால் அன்றைக்கு வந்தவர்கள் அடுத்த வாரமும் வருவார்கள்.

மூன்றாவதாக 'பேபி ஃபேஸ்' (1933), விதிகள் இறுகுவதற்கு முன்னால் எடுத்தது. வறுமையிலிருந்து வரும் ஒருத்தி தன் உடம்பைப் பயன்படுத்தி ஒரு வங்கியின் மாடி மாடியாக ஏறுகிற கதை. அப்போதே சில மாகாணத் தணிக்கையாளர்கள் எதிர்க்க, வெட்டியும் திருத்தியும்தான் வெளியிட்டார்கள். வெட்டாத பிரதி 2004-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. அதைத்தான் தேடி எடுக்கவேண்டும். அவளுக்குப் புத்தி சொல்லும் செருப்புத் தைக்கும் கிழவர், அசலில் "ஆண்களை நீ பயன்படுத்திக்கொள்" என்கிற மாதிரி பேசுவார். திருத்திய பிரதியில் நல்ல வழி, கெட்ட வழி என்று உபதேசம் செய்வார்.

8. வலிக்கிற இடங்களைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள்

இந்தப் படங்களில் கறுப்பினத்தவர் பெரும்பாலும் வேலைக்காரர்கள். வெள்ளை நடிகர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு மற்ற இனத்தவராக நடிப்பதும் சகஜம். முன்னால் சொல்லாமல் போட்டுக் காட்டினால் பாதியில் அதிர்ச்சியாகி மொத்தப் படமும் கசந்துபோகும். சொல்லிவிட்டுப் போடுங்கள், காட்சியை ஓட்டித் தாண்டாதீர்கள்.

'கான் வித் த விண்ட்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல், 1940 விழாவில் சக நடிகர்களோடு உட்கார முடியாமல் சுவரோரம் தனி மேசையில் உட்கார்ந்திருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சீன வம்சாவளி நடிகை ஆனா மே வாங், சீனக் குடும்பக் கதையான 'த குட் எர்த்' (1937) படத்தின் நாயகி வேடம் கிடைக்காமல் போனார். வேடமிட்ட வெள்ளையரான லூயிஸ் ரெய்னருக்குப் போன அந்தப் பாத்திரம் ஆஸ்கரும் வாங்கியது. பம்பாயில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த, தாய்வழியில் இலங்கை வேர் கொண்ட மெர்ல் ஓபரான், டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டே நாயகியாக வாழ்ந்தார். 'வதரிங் ஹைட்ஸ்' (1939) பார்க்கும்போது அவர் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் ஏன் என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் வரும்.

9. பத்தின் வரிசை

'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்', 'காசாபிளாங்கா', 'த லேடி ஈவ்', 'டபுள் இன்டெம்னிட்டி' என்று முதல் நாலு. ஒரு கலகலப்பு, ஒரு கனம் என்று மாறி மாறி வருவதால் அலுக்காது. ஐந்தாவது 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே', காது பழகிய பிறகு. ஆறாவது 'பேபி ஃபேஸ்'. விதிகள் தெரிந்த பிறகு பார்த்தால்தான் அது எவ்வளவு துணிந்திருக்கிறது என்று தெரியும், முதலில் போட்டால் சாதாரணமாகப் போய்விடும். ஏழாவது 'நொட்டோரியஸ்'. முத்தக் காட்சியைத் தவிர, கேமரா விருந்து மண்டபத்தின் உயரத்திலிருந்து இறங்கி இறங்கி பெர்க்மன் கைக்குள் மறைத்திருக்கும் சாவியில் வந்து நிற்கும் ஷாட்டும் இதில்தான்.

எட்டும் ஒன்பதும் அடுத்தடுத்த நாளில்: 'சன்செட் பொலெவார்ட்' (1950), 'சிங்கிங் இன் த ரெய்ன்' (1952). மௌனப் படக் காலம் முடிந்து பேசும் படம் வந்தபோது யார் நொறுங்கினார்கள், யார் தப்பினார்கள் என்பதை முதலாவது இருட்டாகவும் இரண்டாவது ஆட்டம் பாட்டமாகவும் சொல்கின்றன. கனமானதை முதலில் போடுங்கள்.

பத்தாவது 'சிட்டிசன் கேன்' (1941). இதில் மட்டும் பெயர்கள் படத்தின் முடிவில்தான் வரும். இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் பெயர் வரும் அதே அட்டையில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரும் இருக்கும், பாருங்கள். ஆரம்பத்தில் பனி பெய்யும் ஒரு வீடு வருகிறது. முன்னால் மேசையில் அம்மாவும் வங்கிக்காரரும் பையனை ஒப்படைக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், அப்பா தள்ளி நின்று ஆட்சேபிக்கிறார், பின்சுவர் ஜன்னலுக்கு வெளியே அந்தப் பையன் பனியில் கத்திக்கொண்டு விளையாடுகிறான். மூன்று தூரமும் ஒரே கூர்மையில் தெரியும். பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும், சப்டைட்டில் ஓடட்டும், நீங்கள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.